தங்கவயலின் காற்றும் ஒரு டி-ஷர்ட் பீரங்கியும்

கோலார் தங்கவயல் என்றால் இப்போதெல்லாம் தாடி வைத்த ஹீரோவும் கையில் ஒரு பெரிய சம்மட்டியும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. 2018இல் முதல் பாகம், 2022இல் இரண்டாம் பாகம் என்று படம் வந்ததிலிருந்து, "நீங்க கேஜிஎஃப்பா?" என்று கேட்கிற ஆபீஸ் நண்பர்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்கிறார்கள். பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டுகிற ஆசாமிக்கு இது கொஞ்சம் அதிகம்தான். கிடைக்கிற மரியாதையை ஏன் விடுவானேன் :-)

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும், யார் படம் எடுத்தாலும், ஒரு சமாச்சாரம் மட்டும் விட்டுப்போகிறது. தங்கம் வரும், வெள்ளைக்காரத் துரை வருவார், சயனைடு மேடு கட்டாயம் வரும். காற்று வராது. பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கின அந்தச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தது சம்மட்டி மட்டுமல்ல. பெரும்பகுதி வேலையைச் செய்தது காற்று. இரும்புக் கொப்பரைக்குள் அமுக்கி, குழாய் வழியாகக் கீழே அனுப்பின காற்று.

இதை நினைக்க ஒரு காரணம் கிடைத்தது. இங்கே டொராண்டோவில் என் மகள் படிக்கிற பள்ளியில் ரோபாட்டிக்ஸ் குழு ஒன்று இருக்கிறது. விளையாட்டு விழாவில் கூட்டத்தைப் பார்த்து டி-ஷர்ட்டைச் சுருட்டிச் சுடுகிற பீரங்கி ஒன்றைச் செய்யப்போகிறார்களாம். இந்த ஊர்க் கூடைப்பந்து மைதானங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு குழாய், பின்னால் ஒரு காற்றுத் தொட்டி, நடுவில் ஒரு வால்வு. வால்வைத் திறந்தால் 'டப்' என்று சத்தம், சட்டை பறந்துபோய் இருபதாவது வரிசையில் விழும். பெற்றோர் யாராவது பாதுகாப்புக்குக் கூட நிற்கவேண்டும் என்றார்கள். "எங்கப்பா ஊர்லே இதே காத்தை வச்சுத்தான் மலையையே குடைஞ்சாங்களாம்" என்று மகள் சொல்லிவைத்துவிட்டாள். அப்புறம் என்ன, நான்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

தங்கவயலில் தங்கம் தேடினது இன்று நேற்று வழக்கமில்லை. வெள்ளைக்காரன் வருவதற்குப் பலகாலம் முன்பே ஊர்க்காரர்கள் அங்கே குழி வெட்டியிருக்கிறார்கள். 1802இல் ஜான் வாரன் என்கிற ராணுவ அதிகாரி அளவைப் பணிக்கு வந்தபோது அதைக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். 1873இல் மைக்கேல் லாவெல் என்கிற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி கேட்டார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதலில் எல்லாருக்கும் நஷ்டம். 1880களின் நடுவில் சாம்பியன் லோடு என்கிற படிகக்கல் ரேகை கிடைத்த பிறகுதான் பணம் கொட்டியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று வரிசையாகச் சுரங்கங்கள். கீழே இறங்கின ஆட்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். அதிலும் பெரும்பகுதி, கிராமத்தில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட தலித் மக்கள். தங்கவயல் கர்நாடகத்துக்குள் ஒரு தமிழ் ஊராக ஆனது இப்படித்தான்.

பாறையில் வெடி வைக்கவேண்டுமென்றால் முதலில் துளை போடவேண்டும். ஆரம்பத்தில் கைவேலைதான். ஒருத்தர் உளியைப் பிடித்துத் திருகித் திருகிக் கொடுப்பார், இன்னொருத்தர் சம்மட்டியால் அடிப்பார். ஒரு ஷிஃப்ட் முழுக்க அடித்தால் சில அடி நீளத்துளை. இதை மாற்றினது ஐரோப்பாவில் ஒரு மலை. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆல்ப்ஸைக் குடைந்து ரயில் விட 1857இல் ஆரம்பித்தார்கள். கையால் குடைந்தால் கால் நூற்றாண்டு ஆகும் என்றார்கள். ஜெர்மைன் சொம்மேயே என்கிற எஞ்சினியர் 1861இல் அழுத்தக்காற்றால் ஓடுகிற துளைப்பான்களை உள்ளே கொண்டுபோனார். 1871இல் ரயில் ஓடியது. மலைக்குள்ளே நீராவி எஞ்சின் வைத்தால் புகையில் ஆள் செத்துப்போவான். காற்றிலே அந்தத் தொல்லை இல்லை. வேலை முடித்து வெளியே வருகிற காற்றை மூச்சாகவும் இழுத்துக்கொள்ளலாம். சுரங்க முதலாளிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா?

தங்கவயலுக்கும் அந்த இயந்திரங்கள் வந்தன. கை உளியும் பல காலம் கூடவே இருந்தது, ஆள் மலிவு என்பதால். ஆனால் ஆழம் போகப்போக காற்றில்லாமல் முடியவில்லை. மேலே நீராவியில் ஓடின கம்ப்ரஸர்கள் விறகையும் நிலக்கரியையும் விழுங்கித் தள்ளின. அந்தச் செலவுக்குப் பயந்துதான் காவிரியைப் பிடித்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, 1902 ஜூன் 30ஆம் தேதி சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 147 கிலோமீட்டர் கம்பி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின் கம்பிகளில் ஒன்று. ஆறு ஜெனரேட்டர், ஒவ்வொன்றும் 720 கிலோவாட். பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான் என்பதை இந்த இடத்தில் ஒரு தங்கவயல்காரன் சொல்லாமல் போகமுடியாது. மன்னிக்கவும்.

ஆனால் அந்த மின்சாரத்தின் பெரும்பங்கு விளக்கெரிக்கப் போகவில்லை. தூக்கி இயந்திரங்களுக்கும், கல் இடிக்கிற ஆலைக்கும், பம்புகளுக்கும், காற்றை அமுக்குவதற்கும் போயிற்று. காவிரி விழுகிறது, மின்சாரமாகிறது, காற்றாகிறது, பாறையில் துளையாகிறது. கணக்குப் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம். காற்றை அமுக்கும்போது அது கொதிக்கிறது, அந்தச் சூடெல்லாம் வீண். மைல்கணக்கில் குழாய், மூட்டுக்கு மூட்டு கசிவு. போட்ட மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட துளைப்பானின் முனையில் வேலையாக வந்து சேராது. இருந்தும் ஏன் காற்று? ஈரத்திலும் சேற்றிலும் கிடக்கிற கருவியில் மின்சாரம் என்றால் ஆளுக்கு ஆபத்து. காற்றுக் கருவி பாறையில் சிக்கி நின்றுபோனாலும் எரிந்துபோகாது. கையில் தூக்கக்கூடிய எடையில் நல்ல பலம். 60 டிகிரிக்கு மேல் சூடேறின பாறைக்கு நடுவில், கருவியிலிருந்து சீறிவருகிற காற்று சில்லென்று இருக்கும். அதற்காகவே குழாய்ப் பக்கம் போய் நிற்கிறவர்கள் உண்டு.

என் தாத்தாவுக்குக் கம்ப்ரஸர் வீட்டில் வேலை. எண்ணெய் ஊற்றுவது, மீட்டர் பார்ப்பது, ரிசீவரிலிருந்து தண்ணீர் இறக்குவது. ரிசீவர் என்றால் அமுக்கின காற்றைச் சேர்த்துவைக்கிற இரும்புக் கொப்பரை, நிற்கவைத்த லாரி டேங்க் மாதிரி இருக்கும். காற்றை அமுக்கினால் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். அதை இறக்காவிட்டால் உள்ளேயே துரு ஏறி, வெளியில் பெயிண்டு பளபளவென்று இருக்கும்போதே தகடு மெலிந்துபோகும். "அது தெனம் அழணும்டா கண்ணா, அழுதாத்தான் நல்லது" என்பார் தாத்தா. அதோடு எண்ணெய் விஷயமும் உண்டு. கம்ப்ரஸரின் சூட்டில் எண்ணெய் கருகிக் குழாயில் கரியாகப் படியும். காற்றும் சூடும் எண்ணெய்க் கரியும் ஓரிடத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், குழாயே வெடிக்கும். அதனால் இரண்டு படியாக அமுக்கி, நடுவில் தண்ணீரால் குளிரவைப்பார்கள். ரிசீவரின் தலையில் ஒரு பாதுகாப்பு வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் தானாகவே திறந்து சீறும். வருஷத்துக்கு வருஷம் பரிசோதனை. இதில் யாரும் விளையாடமாட்டார்கள், ஏனென்றால் ரிசீவர் வெடித்தால் கம்ப்ரஸர் வீடே இருக்காது. தொழிலாளியோடு சேர்ந்து துரையும் போவார்.

சரி, பீரங்கிக்கு வருவோம்.

பிள்ளைகள் முதல் நாளே வெள்ளை பி.வி.சி குழாயோடு வந்தார்கள். மலிவு, கடையில் கிடைக்கும், ஒட்டினால் ஒட்டும். இரண்டு அங்குலக் குழாயின் மேலேயே 280 பி.எஸ்.ஐ என்று அச்சடித்திருக்கிறது, நமக்கு வேண்டியது 100தானே என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் அந்த அச்சிலேயே இருக்கிறது. அது தண்ணீருக்கான எண்.

தண்ணீருக்கும் காற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 8 லிட்டர் தொட்டி, 7 பார் அழுத்தம், அதாவது சுமார் 100 பி.எஸ்.ஐ. உள்ளே இருப்பது காற்றானால், அதில் அடங்கியிருக்கிற சக்தி சுமார் 7700 ஜூல். 70 கிலோ ஆள் ஒருவரை மூன்று நான்கு மாடி உயரத்துக்குத் தூக்கிப்போடப் போதும். அதே தொட்டி, அதே அழுத்தம், உள்ளே தண்ணீர் மட்டும் என்றால்? ஒரு ஜூல்கூட இல்லை. 100 கிராம் மாங்காயை ஒரு மீட்டர் தூக்குகிற அளவு. தண்ணீர் அமுங்காது, அதனால் சேமிக்காது. தொட்டி விரிசல் விட்டால் 'சொத்' என்று ஒழுகிவிட்டு நின்றுவிடும். காற்று அப்படியில்லை. பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி சில்லுசில்லாகத் தெறிக்கும், ஒவ்வொரு சில்லுக்கும் பின்னால் அந்த 7700 ஜூலின் பங்கு இருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988லேயே அழுத்தக்காற்றுக்குத் திறந்தவெளியில் பி.வி.சி குழாய் போடாதே என்று எச்சரித்தது இதனால்தான். ரிசீவரைப் பரிசோதிக்கிறவர்கள் உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவதும் இதே காரணத்தால்தான். தோற்றாலும் தரைதான் நனையும்.

எனக்கு இது வங்கிக் கணக்காகத்தான் புரிகிறது. காற்றுத் தொட்டி ஒரு டெபாசிட். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம், ஒரே நொடியில் எடுக்கிறோம். ஒரே நேரத்தில் எல்லாரும் வந்து பணம் கேட்டால் வங்கி என்ன ஆகுமோ அதுதான் வெடிப்பு. அதனால்தான் கிளையில் எவ்வளவு பணம் இருந்தாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரின் டிராயருக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். மிச்சம் உள்ளே பெட்டகத்தில்.

பீரங்கியையும் அப்படித்தான் செய்தோம். ஒரு டி-ஷர்ட் 200 கிராம், அதை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விட 40 ஜூல் போதும். அரை லிட்டர் தொட்டியில் 4 பார் என்றால் 200 ஜூல் இருக்கிறது. உராய்வு, கசிவு எல்லாம் போக தாராளம். அப்புறம் எதற்கு 8 லிட்டரைக் குழாயின் பின்னால் கட்டிவைக்கவேண்டும்? பெரிய தொட்டி ரோபோவின் வயிற்றில், முத்திரை குத்தின உலோகத் தொட்டி. அதிலிருந்து ரெகுலேட்டர் வழியாக அழுத்தத்தைக் குறைத்து, சுடுகிற சிறு தொட்டிக்கு ஒரு சுடலுக்கு வேண்டியது மட்டும். டீன் கேமன் 1989இல் ஆரம்பித்த ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகளில் இந்த எண்களை விதியாகவே வைத்திருக்கிறார்கள். சேமிப்பில் 120 பி.எஸ்.ஐக்கு மேல் கூடாது, வேலை செய்கிற பக்கம் 60க்கு மேல் கூடாது, 125இல் பாதுகாப்பு வால்வு திறக்கவேண்டும், கையால் திருகி மொத்தக் காற்றையும் வெளியேற்ற ஒரு வால்வு கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும். பீரங்கி போட்டிக்கானதில்லை என்றாலும் அந்த விதிகளையே பிடித்துக்கொண்டோம்.

தூரம் போக அழுத்தத்தைக் கூட்டவேண்டும் என்றுதான் பிள்ளைகள் முதலில் நினைத்தார்கள். உண்மையில் வால்வின் வாய்தான் பெரிதாக இருக்கவேண்டும். சின்ன வாய் என்றால் சட்டை குழாயை விட்டு வெளியே போன பிறகும் காற்று மெல்ல ஊதிக்கொண்டிருக்கும், வீண். வாயைப் பெரிதாக்கினபின் அழுத்தத்தைக் குறைத்தும் அதே தூரம் போனது. மற்றதெல்லாம் சின்னச் சின்ன ஒழுங்குகள். மின்சாரம் போனால் வால்வு மூடியே இருக்கவேண்டும், திறந்துகொள்ளக்கூடாது. பட்டனிலிருந்து கையை எடுத்தால் சுடாது, இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் சுடும். குழாய் ஒரு கோணத்துக்குக் கீழே இறங்காதபடி இரும்புத் தடை, ஏனென்றால் முன்வரிசையில் குழந்தைகள் உட்காருவார்கள். சட்டையைச் சுருட்டிக் கட்ட முடிச்சோ பின்னோ கூடாது, துணியை அதற்குள்ளேயே மடித்துச் செருகவேண்டும். சட்டையைப் போடும்போது சிறு தொட்டி காலி. முகத்தைக் குழாய்க்கு முன்னால் கொண்டுபோகிறவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. இது மகள் போட்ட விதி. தினமும் முடிந்தபின் அடிவால்வைத் திறந்து தண்ணீர் இறக்கவேண்டும் என்பது என் விதி. தாத்தாவின் விதி என்றும் சொல்லலாம்.

இங்கேதான் எனக்குத் தங்கவயலின் மறுபாதி ஞாபகம் வந்தது. மேலே சொன்ன ரிசீவர் ஆபத்துக்கு மீட்டர் இருக்கிறது, வால்வு இருக்கிறது, ஆள் இருக்கிறார். கீழே இருந்த இரண்டு ஆபத்துகளுக்கு அப்படி எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் காற்றோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று பெயரால், இன்னொன்று நிஜமாகவே.

பெயரால் வந்ததை முதலில் சொல்கிறேன். ஆழத்தில் வேலை செய்யும்போது திடீரென்று சுவரோ கூரையோ வெடித்துச் சிதறும். வெடிமருந்து இல்லை, யாரும் தொடவில்லை. பாறை தானாகவே பீரங்கி மாதிரி சுடும். காற்று அலையொன்று சுரங்கப்பாதை முழுக்க அடித்துக்கொண்டு போகும். அதனால் அந்தக் காலத்தில் அதற்கு வைத்த பெயர் 'ஏர் ப்ளாஸ்ட்'. மைசூர் நிலவியல் துறையின் ஸ்மீத் 1904இல் இந்தப் பெயரிலேயே அறிக்கை எழுதினார். அங்கே அமுங்கிக் கிடந்தது காற்றல்ல, பாறை. தலைக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் மலை உட்கார்ந்திருக்கிறது. நடுவில் தங்கரேகையை வெட்டி எடுத்தால் அந்தப் பாரமெல்லாம் மிச்சமிருக்கிற தூண்கள்மேல் ஏறுகிறது. கடினமான பாறை வளையாது, தாங்கித் தாங்கிச் சேர்த்துவைத்து ஒரு நாள் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். ரிசீவர்தான், ஆனால் மீட்டரும் பாதுகாப்பு வால்வும் இல்லாத ரிசீவர்.

பாறைக்கு ஒரு மீட்டர் பொருத்துகிற முயற்சியாக 1912இல் அங்கே வைஷெர்ட் நில அதிர்வுமானி ஒன்றை வைத்தார்கள். வெட்டின இடத்தைக் கருங்கல் சுவர்களால் நிரப்பினார்கள், பிற்காலத்தில் கான்கிரீட்டால். எந்தத் தூணை எந்த வரிசையில் வெட்டுவது என்று மாற்றிப் பார்த்தார்கள். 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அதிர்வுகளைப் பிடிக்கிற கருவிகள் வலையாக வந்தன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே ஆரம்பமானது. இவ்வளவுக்கும் பிறகும் எந்த நிமிஷம், எந்த இடம் என்று சொல்ல முடிந்ததில்லை. லைன் வீட்டில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடினால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு சாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். எங்கள் ஊரில் இதை நேரில் பார்க்காத வீடு குறைவு.

இரண்டாவது ஆபத்துக்குச் சத்தமே கிடையாது. அது தூசு.

கையால் அடித்தபோதும் தூசு இருந்தது. ஆனால் இயந்திரத் துளைப்பான் நிமிஷத்துக்குப் பல நூறு தடவை அடித்துப் படிகக்கல்லை மாவாக்கியது. உளிக்கு நடுவில் ஓட்டை போட்டு அதன் வழியாகக் காற்றை ஊதி, துளையிலிருக்கிற மாவை வெளியே தள்ளலாம் என்று அமெரிக்காவில் டென்வரைச் சேர்ந்த ஜார்ஜ் லேனர் 1890களில் ஒரு கருவி செய்தார். நன்றாகத்தான் துளைத்தது. வெளியே வந்த தூசு துளைப்பவரின் முகத்திலேயே அடித்தது. சுரங்கக்காரர்கள் தொடமாட்டோம் என்றார்கள். அந்த ரகத் துளைப்பான்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'விதவையாக்கி'. லேனர் அதே ஓட்டையில் தண்ணீரை விட்டார். தூசு சேறாகி ஒழுகியது. ஆக, மருந்து அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தெரியும்.

தெரிந்தும் உலகம் முழுக்க அது சுரங்கங்களுக்குள் ஒழுங்காகப் போய்ச்சேர வருஷங்கள் ஆயின. தென்னாப்பிரிக்காவில் துளைப்பான் ஓட்டினவர்கள் இளவயதிலேயே செத்துவிழுந்தது தெரியவந்து 1902இல் விசாரணைக் குழு போட்டார்கள். தங்கவயலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஆழத்து வெக்கையில் தண்ணீரைத் தெளித்தால் தூசு அடங்கும், ஆனால் காற்றில் ஈரம் ஏறி வியர்வை காயாது, ஆள் சூடு தாங்காமல் சுருண்டு விழுவார். பிற்பாடு மேலே குளிரூட்டும் ஆலை வைத்துக் குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பினது அதற்காகத்தான்.

1940இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் நோய்க்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அதன் பிறகு கேப்லன் முதலான மருத்துவர்கள் தங்கவயல் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1947இல் வெளியிட்ட கணக்கு, இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் சொல்கிற கணக்கு. 7653 பேரைப் பார்த்ததில் 43.7 சதவீதம் பேருக்கு நுரையீரலில் கல் தூசு. நூறில் நாற்பத்து மூன்று. எங்கள் வங்கியில் நூறு கடனில் நாற்பத்து மூன்று வாராக்கடன் என்றால் அன்று சாயங்காலமே கதவைச் சாத்தியிருப்பார்கள். தங்கவயல் 2001 வரை ஓடியது. தண்ணீர்த் துளைப்பான், காற்றோட்டம் என்று நிலைமை பின்னால் தேறியது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் முன்னால் உள்ளே போனது உள்ளேதான் இருக்கும். கல் கரையாது.

ரிசீவருக்கு வால்வு வைத்த அதே எஞ்சினியர்கள்தான் இவர்களும். கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், எனக்கு அது போதவில்லை. வெடித்தால் அதே நொடியில் தெரிகிற ஆபத்துக்கு விதி உடனே வருகிறது. பதினைந்து வருஷம் கழித்து, வேறொரு ஊரில், திண்ணையில் உட்கார்ந்து இருமுகிற ஆபத்து யாருடைய ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. வேலையை விட்டுச் சொந்த ஊர் போனவரைக் கம்பெனி எங்கே எக்ஸ்ரே எடுக்கும்?

இதெல்லாம் ஏழை நாட்டுக் கதை என்று நினைத்தால், நான் வந்து சேர்ந்திருக்கிற இந்த ஒன்டாரியோவையே பாருங்கள். வடக்கே டிம்மின்ஸ் என்று ஒரு ஊர், அதுவும் தங்கவயல்தான். அங்கே மெக்கின்டையர் சுரங்கத்தில் ஒரு யோசனை உதித்தது: அலுமினியப் பொடியைச் சுவாசித்தால் அது கல் தூசைப் போர்த்திக் கெடுதல் செய்யாமல் தடுக்கும் என்று. 1943 முதல் 1979 வரை ஷிஃப்டுக்கு முன்னால் உடைமாற்றும் அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, ஒரு டப்பாப் பொடியை உள்ளே ஊதிவிடுவார்கள். எதைக்கொண்டு ஊதினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அழுத்தக்காற்று. நம்ம டி-ஷர்ட் பீரங்கியின் வேலைதான், சட்டைக்குப் பதில் கரும்பொடி. ஆழமாக மூச்சை இழு என்பது உத்தரவு. காற்றோட்டத்துக்குச் செலவு செய்வதைவிட பொடி மலிவு. ஜானிஸ் மார்ட்டெல் என்கிற பெண்மணி, சுரங்கத் தொழிலாளியான தன் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்ததன் காரணத்தைத் தேடப்போய், ஒருவர் ஒருவராகப் பழைய தொழிலாளர்களைக் கண்டுபிடித்துக் கணக்கெடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் 2020இல் அந்தப் பொடிக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். 2022இல் அது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. அந்த வருஷம் நவம்பரில் ஒன்டாரியோ அரசு சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. கேட்பதற்கு ஆட்களில் பலர் இல்லை.

இதை நான் குழுப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு பெண் கேட்டாள், "பீரங்கி சுடும்போது காதுக்கு என்ன ஆகும், அங்கிள்?" என்று. யாரும் யோசிக்காத விஷயம். வெடிக்காது, ரத்தம் வராது, ஆனால் பயிற்சிக்கு நாளெல்லாம் நூறு தடவை 'டப்' என்றால் பக்கத்தில் நிற்கிறவர் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அன்றைக்கே காதுக்கவசம் பட்டியலில் ஏறியது. அதற்கு விதிப் புத்தகம் எதையும் பார்க்கவில்லை.

தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு வேலை நின்றது. சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் வெளியே வந்திருந்தது. கம்ப்ரஸர்கள் நின்றன. அப்புறம் பம்புகளும் நின்றதால் கீழே தண்ணீர் ஏற ஆரம்பித்தது. 1965இல் பூமிக்குள்ளே நியூட்ரினோவைப் பிடித்து உலகத்துக்குக் காட்டின சாம்பியன் ரீஃபின் ஆழமும் தண்ணீருக்கடியில் போனது. வெட்டின வெற்றிடங்களில் தண்ணீர் ஏற ஏற, பாறை தன் பாரத்தை மறுபடி மாற்றிவைத்துக்கொள்கிறது. அதனால் சுரங்கம் மூடின பிறகும் அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஊரில் இருக்கிற சித்தி ஃபோனில் பேசும்போது நடுவில் சில சமயம் நிறுத்துவார். "இரு, பாத்திரம் ஆடுது" என்பார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.